கேள்வி – பதில்: கல்தூண் முதல் விஆர் கண்ணாடி வரை

அருங்காட்சியகங்களையும் பழங்கட்டடங்களையும் டிஜிட்டலில் பதிவது, காட்டுவது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த முறை பதில். ஒரே விஷயத்தைக் கேட்ட கடிதங்களைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறோம்.

எங்கள் ஊர்ச் சிவன் கோவிலில் பதினாறுகால் மண்டபம் இருக்கிறது. திருப்பணி தொடங்கும் முன் எல்லாத் தூண்களையும் 3டி-யில் பதிந்து வைக்க ஆசை. கையில் ஒரு டிஎஸ்எல்ஆர் கேமரா உண்டு. நண்பர் ஒருவர் முன்பு முயன்றபோது, கணினியில் பதினாறு தூணும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி ஆறு தூணாக வந்தது. ஏன் அப்படி? எப்படிச் செய்ய வேண்டும்?
*– பள்ளி ஆசிரியர், புதுக்கோட்டை மாவட்டம்*

குழப்பத்துக்குக் காரணம் தூண்கள் ஒன்றுபோல் இருப்பதுதான். பல படங்களைச் சேர்த்து 3டி ஆக்கும் போட்டோகிராமெட்ரி மென்பொருள் ஒரு படத்தில் உள்ள புள்ளியை அடுத்தடுத்த படங்களில் தேடிப் பிடித்து, கேமரா எங்கே நின்றது என்று கணக்கிடுகிறது. அதே நாகபந்தச் செதுக்கல், தூண்தலையில் அதே போதிகை பதினாறு இடத்தில் இருந்தால், மூன்றாம் தூணின் புள்ளியை ஏழாம் தூணில் கண்டுபிடித்துவிட்டதாக அது எடுத்துக்கொள்ளும். இதைத் தடுக்க, மென்பொருள் அடையாளம் காணும் அச்சிட்ட குறியட்டைகளை ஒவ்வொரு தூணின் அடியிலும் தரையில் ஐந்தாறு வையுங்கள். மெட்டாஷேப், மெஷ்ரூம் என்ற மென்பொருள்கள் இரண்டிலும் இந்த வசதி உண்டு. ஒவ்வோர் அட்டையின் எண்ணும் வேறு என்பதால் தூண்கள் கலக்காது. அட்டையைக் கல்லில் ஒட்டவே கூடாது. பசை கறையாக நிற்கும். தரையில் வைத்து மேலே சிறு எடை வைத்தால் போதும்.

முதல் வேலை அனுமதி. அறநிலையத் துறைக் கோவில் என்றால் செயல் அலுவலரிடமும், தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருந்தால் அந்தத் துறையிடமும் எழுத்தில் வாங்குங்கள். முக்காலி, விளக்கு, ஏணி ஆகியவற்றைக் கடிதத்தில் தனித்தனியாகக் குறிப்பிடுங்கள். பொதுவாகப் "படமெடுக்க அனுமதி" என்று வாங்கிப்போனால் முக்காலியை விரித்ததும் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். கருவறைப் பக்கம் கேமராவைத் திருப்ப வேண்டாம்.

பதினாறையும் ஒரே நாளில் முடிக்க நினைக்காமல் ஒரு தூணை முழுமையாகச் செய்து பாருங்கள். இரண்டரை மீட்டர் உயரத் தூண், 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி கேமரா, 24 மி.மீ லென்ஸ், 1.2 மீட்டர் தூரம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பிக்சல் கல்லில் ஏறத்தாழ 0.2 மி.மீ ஆகும். உளித்தடம் தெரிய இது போதும். கேமராவை நிமிர்த்திப் பிடித்தால் ஒரு படத்தில் 1.18 மீட்டர் உயரம் அடங்கும். அடுத்தடுத்த வரிசைகள் 60 சதவீதம் மேற்பொருந்த வேண்டும் என்றால், 45 செ.மீ முதல் 50 செ.மீ வரை உயர்த்தி உயர்த்தி ஐந்து சுற்று எடுக்க வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் 15 பாகைக்கு ஒன்றாக 24 படம். ஆக ஒரு தூணுக்கு 120. சதுரத்தின் விளிம்பு, எண்பட்டைக் கட்டின் ஓரம், போதிகையின் அடிப்பகுதி ஆகிய இடங்களில் தூணுக்குப் பதினைந்து படம் கூடுதலாக எடுத்துவிடுங்கள். ஓட்டை விழுவது பெரும்பாலும் அங்கேதான்.

ஐஎஸ்ஓ 100, எஃப் 8, ரா கோப்பு, வெள்ளைச் சமநிலை (ஒயிட் பேலன்ஸ்) ஒரே எண். ஆட்டோ ஃபோகஸை நிறுத்திவிட்டு, லென்ஸின் ஃபோகஸ் வளையத்தையும் ஜூம் வளையத்தையும் டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். ஃபோகஸ் நகர்ந்தால் லென்ஸின் வடிவக் கணக்கே மாறும், தூண் வளைந்து வரும். மண்டபத்துக்குள் வெளிச்சம் குறைவு என்பதால் ஷட்டர் அரை வினாடி வரை போகும். முக்காலி கட்டாயம், இரண்டு வினாடி டைமரும் கட்டாயம். முக்காலியில் நிற்கும்போது லென்ஸின் அதிர்வுத் தடுப்பை அணைத்துவிடுங்கள்.

வெளிச்சம்தான் பெரிய எதிரி. நடுப்பகலில் திறந்த பக்கத்திலிருந்து விழும் வெயில் ஒரு பட்டை வெளுத்தும் மறு பட்டை கறுத்தும் போகச் செய்யும். மேகமூட்டமான காலை உத்தமம். இல்லையென்றால் திறந்த பக்கத்தில் வெள்ளை வேட்டியைத் தொங்கவிட்டு வெயிலை மட்டுப்படுத்துங்கள். கேமராவில் மாட்டிய ஃபிளாஷ் நீங்கள் நகரும்போதெல்லாம் நிழலையும் நகர்த்தும். நிறுத்தி வைத்த எல்இடி விளக்குகள் இரண்டு, முன்னால் குடையோ டிரேசிங் காகிதமோ வைத்தால் போதும்.

எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய சிற்பம் பளபளக்கும். அந்தப் பளபளப்பு கேமராவோடு நகர்வதால் மென்பொருள் அதைப் புடைப்பு என்றோ பள்ளம் என்றோ படித்துவிடும். துணியால் துடைக்கவோ சோப்பு போடவோ கூடாது. விளக்கின் முன்னால் போலரைசர் தாளும் லென்ஸின் முன்னால் போலரைசர் வடிகட்டியும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இருக்குமாறு வைத்தால் பளபளப்பு மறைந்து கல்லின் நிறம் மட்டும் நிற்கும். வெளிச்சம் பாதியைவிடக் குறைந்துவிடும் என்பதால் ஷட்டரை நீட்ட வேண்டும். சுண்ணாம்பு அடித்த தூணில் இதற்கு நேர்மாறான சிக்கல்: பிடித்துக்கொள்ளப் புள்ளியே இருக்காது. அங்கே மேற்பொருத்தத்தை 80 சதவீதமாக்குங்கள். சுண்ணாம்பு அடிக்காத தரையோ விட்டமோ ஒவ்வொரு படத்திலும் ஓரமாக வரட்டும்.

அளவுகோல் இல்லாத 3டி வெறும் பொம்மை. ஒரு மீட்டர் நீள அலுமினியப் பட்டை மூன்று செய்து, இரு முனையிலும் குறி போட்டு, தூணின் பக்கத்தில் வைத்துப் படமெடுங்கள். இரண்டை வைத்து அளவைக் கொடுங்கள். மூன்றாவதை மென்பொருளில் அளந்து பாருங்கள். 2 மி.மீ-க்கு மேல் பிசகினால் எங்கோ தவறு, மறுபடி பாருங்கள்.

பதினாறு தூணும் சேர்ந்து இரண்டாயிரம் படம் தாண்டும், ஐம்பது ஜிபிக்கு மேல் இடம் பிடிக்கும். 32 ஜிபி ராமும் 8 ஜிபி என்விடியா கார்டும் உள்ள கணினியில் தூண் தூணாகச் செய்து கடைசியில் இணையுங்கள். கிடைக்கும் மூல மாதிரியில் ஒரு தூணுக்கே கோடிக்கணக்கில் முக்கோணங்கள் இருக்கும். அதைத் தொடாமல் வைத்துவிட்டு, ஒரு நகலை பிளெண்டர் என்ற இலவச 3டி மென்பொருளில் ஒன்றரை இரண்டு லட்சம் முக்கோணமாகக் குறைத்து, நுண்ணிய புடைப்புகளை நார்மல் மேப்பாக (புடைப்பைக் காட்டும் படமாக) ஏற்றி, இணையத்துக்கான ஜிஎல்பி கோப்பாக 20 எம்பிக்குள் அடக்குங்கள். இதைச் செய்யாமல் இணையத்தில் ஏற்றினால் சாதாரண போனில் திறக்காது.

திருப்பணிக்கு முன்பே செய்ய நினைத்தீர்களே, அதுதான் முக்கியம். மணல் வீச்சு அடித்த தூணில் நுண்வேலைப்பாடு மழுங்கிவிடும். முந்தைய பதிவு இருந்தால்தான் எது போயிற்று என்று மில்லிமீட்டரில் காட்ட முடியும்.

ஐபோனில் லைடார் இருக்கிறதே, இவ்வளவு பாடு எதற்கு?
*– கல்லூரி மாணவர், மதுரை*

2020-இல் வந்த 12 ப்ரோவிலிருந்து சில மாடல்களில், லேசரால் தூரம் அளக்கும் லைடார் உண்டு. ஐந்து மீட்டர் தூரம் வரை பிடிக்கும். அறையின் நீள அகலம், படிக்கட்டின் சரிவு ஆகியவற்றை நிமிடத்தில் தரும். ஆனால் அதன் நுணுக்கம் சென்டிமீட்டர் கணக்கு. சிலையின் மூக்கு மெழுகு உருகியதுபோல் வரும். கட்டடத்தின் வரைபடத்துக்குப் பயன்படுத்துங்கள், சிற்பத்துக்கு வேண்டாம். அதே போனின் சாதாரண கேமராவில் மேலே சொன்ன முறைப்படி படமெடுத்தால் லைடாரைவிட நல்ல சிற்பம் கிடைக்கும்.

கல்வெட்டு வாசிக்கும் குழு ஒன்றில் இருக்கிறேன். மழையில் தேய்ந்த எழுத்தைப் படிக்க நாங்கள் மாவு தடவுவது வழக்கம். ஒருவர் அது தவறு என்று சண்டைக்கே வந்துவிட்டார். ஒளிப்படத்தாலேயே படிக்க வழி உண்டாமே?
*– வாசகர், திருவண்ணாமலை மாவட்டம்*

சண்டைக்கு வந்தவர் பக்கம்தான் நியாயம். மாவோ சாக்குக்கட்டியோ தடவும்போது, எழுத்து எது, கல் பொரிந்து விழுந்த பொளிவு எது என்பதை உங்கள் விரல் முன்கூட்டியே முடிவு செய்துவிடுகிறது. பிறகு வருகிறவர் கல்லைப் படிப்பதில்லை, உங்கள் வாசிப்பைப் படிக்கிறார். மாவு பாசியையும் எறும்பையும் கூட்டி வரும் என்பது வேறு.

நீங்கள் கேள்விப்பட்ட முறை ஆர்டிஐ (Reflectance Transformation Imaging; தகவல் உரிமைச் சட்டம் அல்ல). ஹெச்பி ஆய்வகத்தில் டாம் மால்ஸ்பெண்டர் 2001-இல் வெளியிட்ட நுட்பத்திலிருந்து வளர்ந்தது. கேமரா அசையாது, விளக்கு மட்டும் இடம் மாறும். எடுத்த படங்களை மென்பொருள் சேர்த்துக் கொடுத்ததும், திரையில் சுட்டியை நகர்த்தி வெளிச்சத்தை எந்தப் பக்கத்திலிருந்தும் விழவைத்துப் பார்க்கலாம். நிறத்தை நீக்கிவிட்டு மேற்பரப்பின் சரிவை மட்டும் காட்டும் வசதியும் உண்டு. கல்லின் கறை, காவிப்பட்டை, பாசி எல்லாம் மறைந்து உளி போன வழி தெரியும்.

60 செ.மீ அகலமுள்ள கல்வெட்டுப் பகுதிக்கு இப்படிச் செய்யுங்கள். கேமராவை முக்காலியில் கல்லுக்கு நேராக நிறுத்துங்கள். கல்லின் ஓரத்தில், எழுத்தை மறைக்காமல், பளபளக்கும் கறுப்புக் குண்டு இரண்டு தாங்கியில் நிற்கட்டும். குண்டின்மேல் விழும் ஒளிப்பொட்டை வைத்துத்தான் விளக்கு எங்கே இருந்தது என்று மென்பொருள் அறிகிறது. படத்தில் குண்டு 250 பிக்சலாவது வர வேண்டும் என்பதால், 6000 பிக்சல் அகலப் படத்துக்கு 25 மி.மீ குண்டு சரியாக இருக்கும். கறுப்புக் கண்ணாடிக் கோலியும் ஆகும், கீறல் இருக்கக் கூடாது.

பதிவுப் பரப்பின் மூலைவிட்டத்தைப் போல மூன்று மடங்கு நீளத்தில், இங்கே இரண்டு மீட்டருக்குச் சற்று மேல், ஒரு நூலை விளக்கில் கட்டிக்கொள்ளுங்கள். ஒருவர் நூலின் நுனியைக் கல்லைத் தொடாமல் நடுவில் பிடிக்க, மற்றவர் விளக்கை எடுத்துப்போய் நிறுத்த, நூலை விட்டதும் மூன்றாமவர் கேபிள் ரிலீஸில் படமெடுக்க வேண்டும். கல்லிலிருந்து 15 பாகை முதல் 65 பாகை வரை மூன்று நான்கு உயரங்களில், சுற்றிலும் குடை விரித்ததுபோல் 48 நிலை. வேலை பழகிய குழுவுக்கு ஒரு மணி நேரம் பிடிக்கும். வெயிலில் நடக்காது. இருட்டியபின் செய்யுங்கள், அல்லது கறுப்புத் துணியால் பந்தல் போடுங்கள். ரிலைட் என்ற இலவச மென்பொருள் படங்களைச் சேர்த்துக் கொடுக்கும்.

கெட்டுப்போவது பெரும்பாலும் ஒரே காரணத்தால்தான்: நடுவில் யாராவது முக்காலியை இடித்திருப்பார்கள். ஒரு பிக்சல் நகர்ந்தாலும் எழுத்தின் விளிம்பு இரட்டையாகும். முதல் படத்தையும் கடைசிப் படத்தையும் அங்கேயே பெரிதாக்கி ஒப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

கருவி எதுவும் இல்லையா? போனை அசையாமல் நிறுத்தி, டார்ச்சைக் கல்லை ஒட்டிப் படுக்கவைத்து இடம், வலம், மேல், கீழ் என நான்கு படம் எடுங்கள். இடவெளிச்சத்தில் மறைந்த நேர்கோடு மேல்வெளிச்சத்தில் வரும். சோழர் கல்வெட்டுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி பெரும்பாலும் இடப்படுவதில்லை என்பதால், புள்ளிபோல் தெரிவதெல்லாம் பொளிவா எழுத்தா என்று பிரித்தறிய இந்த நான்கு படமே பல நேரம் போதுமானது. கல்லில் ஈரத்தாளை ஒற்றி மையால் மசிப்படி எடுப்பதை இதனால் விட்டுவிட வேண்டும் என்பதில்லை. அது கல்லின் உண்மையான அளவில் கிடைக்கும் ஆவணம். ஆனால் உதிரும் கல்லில் ஈரத்தாளை வைத்துத் தூரிகையால் அடிக்கக் கூடாது. அங்கே ஆர்டிஐ மட்டும்தான்.

தஞ்சைப் பெரிய கோவில் விமானத்தை டிரோனில் படமெடுத்து 3டி செய்யலாமா? என் டிரோன் 249 கிராம்தான்.
*– வாசகர், தஞ்சாவூர்*

எடை பிரச்சினை இல்லை. 2021 டிரோன் விதிகளில் 250 கிராம் வரை நானோ வகை, இயக்குபவருக்கு உரிமம் தேவையில்லை. இடம்தான் பிரச்சினை. தஞ்சாவூரில் விமானப்படைத் தளம் இருக்கிறது, கோவிலோ இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள உலகப் பாரம்பரியச் சின்னம். டிரோன்களுக்கான அரசுத் தளமான டிஜிட்டல் ஸ்கையின் வரைபடத்தில் சிவப்பு, மஞ்சள் பகுதிகளைப் பாருங்கள். வான்வெளி அனுமதியும் தொல்லியல் துறை அனுமதியும் இரண்டும் கையில் இல்லாமல் பறக்கவிடாதீர்கள்.

தரையிலிருந்தே பாதி வேலை ஆகும். ஏபிஎஸ்-சி கேமராவில் 200 மி.மீ லென்ஸ் போட்டு 100 மீட்டர் தள்ளி நின்றால் ஒரு பிக்சல் 2 மி.மீ. விமானத்தின் நிலைகளில் உள்ள உருவங்களை அடையாளம் காண இது தாராளம். கீழிருந்து பார்ப்பதால் வெளியே நீளும் கூரை விளிம்புகளான கபோதங்களின் மேற்பரப்பு மறையும், அந்த இடங்கள் ஓட்டையாக வரும். ஓட்டையை மென்பொருளை விட்டு நிரப்பவிடாமல் அப்படியே விடுங்கள்.

செட்டிநாட்டு வீடொன்றைச் சிறு அருங்காட்சியகமாக நடத்துகிறோம். ஆறு விஆர் கண்ணாடி வாங்கினால் வீட்டின் பழைய வாழ்க்கையை அப்படியே காட்டலாம் என்று ஒரு நிறுவனம் திட்டம் கொடுத்திருக்கிறது. வாங்கலாமா?
*– வாசகி, காரைக்குடி*

ஆறு வேண்டாம், இரண்டு போதும் என்பது எங்கள் எண்ணம். கணக்குப் போட்டுப் பாருங்கள். படம் ஆறு நிமிடம். மாட்டி, பட்டையைச் சரிசெய்து, கழற்றி, துடைக்க நான்கு நிமிடம். ஒரு கண்ணாடியில் மணிக்கு ஆறு பேர். ஆறு கண்ணாடி இருந்தாலும் மணிக்கு 36 பேர். ஒரு பள்ளிப் பேருந்தில் 50 பிள்ளைகள் வந்தால் கிட்டத்தட்ட ஒன்றரை மணி நேரம், அதற்கு உடன் நிற்க இரண்டு ஊழியர். பேட்டரி தொடர்ந்து இரண்டு மணி நேரம் தாங்கினால் அதிகம்.

நம் ஊரில் வேறு சில விஷயங்களும் உண்டு. தலையெண்ணெயும் சந்தனமும் குங்குமமும் முகப்பஞ்சில் ஊறி ஒரே வாரத்தில் நாறும். பஞ்சைக் கழற்றிவிட்டுத் துடைக்கக்கூடிய சிலிகான் உறை போடுங்கள். தலைநிறையப் பூ வைத்து வருகிறவர்களுக்குப் பின்பட்டை உட்காராது. அவர்கள் கையில் பிடித்துப் பார்க்க, பட்டை இல்லாத ஒன்றைத் தனியாக வையுங்கள். லென்ஸை ஸ்பிரிட்டால் துடைத்தால் பூச்சு போய்விடும், உலர்ந்த மைக்ரோஃபைபர் துணி மட்டும். எல்லாவற்றையும்விட முக்கியம்: உங்கள் வீட்டு முற்றத்தில் வெயில் நேராக இறங்கும். கண்ணாடியை லென்ஸ் மேல்நோக்கி இருக்க அங்கே ஒரு நிமிடம் வைத்தாலும், லென்ஸ் வெயிலைக் குவித்து உள்திரையில் பொட்டு எரித்துவிடும். அதற்கு மருந்தில்லை, திரையே போச்சு. வெயில் எட்டாத உள்ளறையில் மட்டும் வையுங்கள், கழற்றியதும் உறையில் போடும் பழக்கத்தை ஊழியருக்குக் கற்றுக்கொடுங்கள்.

தயாரிக்கும் நிறுவனத்திடம் சில நிபந்தனைகளை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். 360 பாகை கேமரா நகரவே கூடாது. உடல் உட்கார்ந்திருக்கக் காட்சி நகர்ந்தால் பலருக்குத் தலைசுற்றி வாந்தி வரும். ஒவ்வொரு காட்சியும் 15 வினாடியாவது நிற்கட்டும். உட்கார்ந்து பார்க்கப்போகிறார்கள் என்றால் கேமரா 1.2 மீட்டர் உயரத்தில் இருந்தால்தான், பார்ப்பவர் தரையில் இருப்பதாக உணர்வார். தூணோ ஆளோ கேமராவுக்கு ஒன்றரை மீட்டருக்குள் வந்தால் இரண்டு லென்ஸின் படமும் சேரும் இடத்தில் பிளவு தெரியும். வளவில் வரிசையாக நிற்கும் தேக்குத் தூண்கள் இப்படித்தான் உடைந்து தெரியும். சுழல் நாற்காலி போடுங்கள், நிற்கவைக்காதீர்கள். படம் கண்ணாடிக்குள்ளேயே பதிந்திருக்க வேண்டும், வைஃபையை நம்பக் கூடாது. மூல 360 படங்களும் திட்டக் கோப்புகளும் உங்கள் கைக்கு வர வேண்டும், இறுதிச் செயலி மட்டும் போதாது. பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு மாட்ட வேண்டாம். அவர்களுக்கு அதே காட்சியை ஒரு தொடுதிரையில் விரலால் சுழற்ற வையுங்கள்.

நான்கு கண்ணாடியில் மிச்சமாகும் பணத்தில் வீட்டிலுள்ள பொருள்களை ஒவ்வொன்றாகப் படமெடுத்து, பெயர், அளவு, யார் கொடுத்தது என்று பதிவேடு போடுங்கள். ஐந்து ஆண்டில் கண்ணாடி பழசாகும். பதிவேடு உங்கள் பேரப்பிள்ளைகளுக்கும் உதவும்.

கீழடி போன்ற அகழாய்வு இடங்களில் அடித்தளம் மட்டும்தான் கிடைக்கிறது. 3டி-யில் முழு வீட்டையே காட்டுகிறார்கள். இது பொய் இல்லையா?
*– வாசகர், சிவகங்கை*

எது கிடைத்தது, எது ஊகம் என்று பிரித்துக் காட்டினால் பொய் இல்லை. கீழடியில் செங்கல் கட்டுமானங்களும் உறைகிணறுகளும் கூரை ஓடுகளும் கிடைத்திருக்கின்றன. 2023 மார்ச்சில் திறந்த அங்குள்ள அருங்காட்சியகத்தில் பொருள்களை நேரில் பார்க்கலாம். ஓடு கிடைத்ததால் ஓட்டுக் கூரை என்பது சான்றுள்ள செய்தி. கூரையின் சரிவு எத்தனை பாகை, சுவர் எவ்வளவு உயரம், சன்னல் எங்கே என்பதெல்லாம் வரைபவரின் ஊகம்.

இதற்காகவே லண்டன் சாசனம் என்ற நெறிமுறையும், தொல்லியலுக்கென 2011-இல் வந்த செவில் கொள்கைகளும் இருக்கின்றன. இரண்டின் சாரமும் ஒன்றுதான்: முடிவு எப்படி எடுக்கப்பட்டது என்பது பார்ப்பவருக்குத் தெரிய வேண்டும். திரையில் ஒரு பொத்தான் போதும். அழுத்தினால் கிடைத்த பகுதி செங்கல் நிறத்திலும், பிற இடச் சான்றை வைத்து வரைந்தது மஞ்சளிலும், வெறும் ஊகம் வெண்சாம்பலிலும் மாற வேண்டும். ஒளிப்படம்போல் தத்ரூபமாக வரைய வரைய மக்கள் அதிகம் நம்புவார்கள். ஆகவே ஊகப் பகுதியை வேண்டுமென்றே கோட்டோவியமாக விடுவது நேர்மை. இரண்டு கருத்து இருந்தால் இரண்டு கூரையையும் மாற்றி மாற்றிக் காட்டுங்கள். பிள்ளைகள் அதைத்தான் ரசித்துப் பார்க்கிறார்கள், விவாதிக்கிறார்கள்.

சிலைகளின் 3டி-யை இணையத்தில் போட்டால் திருடர்களுக்குத் தகவல் கொடுத்தது போல் ஆகாதா?
*– ஓய்வுபெற்ற அலுவலர், கும்பகோணம்*

பயம் நியாயமானது. ஆனால் பதிவே இல்லாத சிலைதான் திருடனுக்கு வசதி. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் நடராசரை ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008-இல் 50 லட்சம் டாலருக்கு வாங்கியது. விருத்தாசலம் அர்த்தநாரீசுவரர் கற்சிலை அங்கேயே வேறொரு கலைக்கூடத்துக்குப் போயிருந்தது. இரண்டும் 2014-இல் திரும்பி வந்தன. அவை கோவிலில் இருந்தவை என்று நிறுவ உதவியவை புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள். வார்ப்புக் குறை, உடைந்த விரல், பீடத்தின் வளைவு ஆகியவற்றைத்தான் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். 3டி-யில் இவை அத்தனையும் பதியும்.

எனவே பதியுங்கள், ஆனால் எல்லாவற்றையும் பொதுவில் போடாதீர்கள். முழு நுணுக்க மாதிரியும் இருப்பிடமும் கோவில் நிர்வாகம், துறை, ஒரு நம்பகமான ஆவணக் காப்பகம் மூன்றிடமும் இருக்கட்டும். பூட்டில்லாத சிறு கோவில்களின் செம்புத் திருமேனிகளை இணையத்தில் ஏற்றவே வேண்டாம். ஏற்றும் படங்களில் போன் தானாகப் பதியும் ஜிபிஎஸ் தகவலை நீக்குங்கள். பீடத்தின் அடிப்பகுதி, பின்பக்கம் ஆகியவற்றை வெளியிடாமல் வைத்துக்கொண்டால், போலி வந்தாலும் அடையாளம் காணலாம்.

அருங்காட்சியகத்துக்கு யூனிட்டி என்ற மென்பொருளில் செயலி செய்கிறோம். தமிழில் "கொ", "கெ" எல்லாம் உடைந்து, கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது. ஃபாண்ட் மாற்றியும் சரியாகவில்லை.
*– மென்பொருள் பொறியாளர், கோயம்புத்தூர்*

ஃபாண்டில் தவறில்லை. யுனிகோடில் ககரம் முதலிலும் கொம்பு பின்னாலும் சேமிக்கப்படும். திரையில் கொம்பை முன்னால் நகர்த்துவது எழுத்து அமைக்கும் பொறியின் வேலை. யூனிட்டியில் பலரும் பயன்படுத்தும் டெக்ஸ்ட்மெஷ் ப்ரோ அந்த வேலையைச் செய்வதில்லை. குரோம், ஃபயர்பாக்ஸ் உலாவிகள், யூனிட்டி போன்ற அன்ரியல், கோடோ 4 ஆகியவற்றில் ஹார்ஃப்பஸ் என்ற பொறி இருப்பதால் அங்கே சரியாக வரும்.

விளக்கக் குறிப்புகள் மாறாதவை என்றால் அவற்றை எஸ்விஜி அல்லது பிஎன்ஜி படமாக ஏற்றிவிடுங்கள், அதுவே எளிது. அடிக்கடி மாறும் என்றால் அந்தப் பகுதியை மட்டும், செயலிக்குள்ளேயே இயங்கும் உலாவியான வெப்வியூவில் காட்டுங்கள். எழுத்தின் வரிசையைக் கையால் மாற்றி எழுதி ஒப்பேற்றும் வழி வேண்டாம். பார்க்கச் சரியாக இருந்தாலும் தேடலும் வேலை செய்யாது, பார்வையற்றோருக்கான வாசிப்பு மென்பொருளும் உளறும். ஒரு சின்ன வரியில் "கௌ", "ஸ்ரீ", "க்ஷ" மூன்றையும் எழுதிச் சோதித்துவிட்டு மேலே போங்கள்.

பதினைந்து ஆண்டுக்கு முன் எங்கள் நிறுவனம் ஒரு கோட்டைக்கு மெய்நிகர் உலா செய்து சிடியில் வைத்திருந்தது. இப்போது எதிலும் திறக்கவில்லை. மீட்க முடியுமா?
*– வாசகர், வேலூர்*

அது பெரும்பாலும் ஃபிளாஷ் என்ற பழைய மென்பொருளில் செய்ததாக இருக்கும். 2020 டிசம்பர் 31-உடன் அடோபி நிறுவனம் ஃபிளாஷை நிறுத்திவிட்டது. சிடியைக் கணினியில் திறந்து உள்ளே ஜேபெக் படங்கள் தனியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் அவற்றை வைத்துப் புது உலா கட்டலாம். ஃபிளாஷின் எஸ்டபிள்யூஎஃப் கோப்பு மட்டும்தான் என்றால் ரஃபிள் என்ற இலவச மென்பொருளில் முயலுங்கள். சிடியே கெட்டுப்போகும் முன் முதலில் நகல் எடுங்கள்.

இனி செய்பவர்களுக்கு: மூல ரா படங்கள், அளவுகோல் விவரம், எடுத்த தேதி, கேமரா, அனுமதிக் கடிதம் எல்லாம் ஒரே அடைவில் இருக்கட்டும். மாதிரியைச் செய்த மென்பொருளின் சொந்த வடிவத்தில் மட்டும் வைக்காமல் பிஎல்ஒய், ஓபிஜே, லேசர் வருடல் என்றால் இ57 ஆகிய பொதுவடிவங்களிலும் வையுங்கள். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு ஊரில். ஆண்டுக்கொருமுறை திறந்து பாருங்கள். இலவச இணையதளத்தை மட்டும் நம்பக் கூடாது. கூகுளின் 3டி தளமான பாலி 2021 ஜூன் 30-இல் மூடப்பட்டது.

பாரிஸ் நோத்ர தாம் தேவாலயத்தைக் கலை வரலாற்றாளர் ஆண்ட்ரூ டாலன் லேசரால் வருடி நூறு கோடிக்கு மேற்பட்ட புள்ளிகளாகப் பதிந்தார். 2018-இல் அவர் இறந்தார், 2019 ஏப்ரலில் கூரை எரிந்தது. அவர் எடுத்த தரவு அப்போதும் திறக்கும் நிலையில் இருந்ததால் சீரமைப்புக்குப் பயன்பட்டது. 2024 டிசம்பரில் தேவாலயம் மறுபடி திறந்தது.

பார்வையற்ற மாணவர்களுக்குச் சிற்பங்களை 3டி அச்சில் செய்துகொடுக்க நினைக்கிறோம். என்ன கவனிக்க வேண்டும்?
*– சிறப்புப் பள்ளி ஆசிரியை, திருச்சி*

அளவு முதலில். இரண்டு கையாலும் அணைத்துத் தடவ 20 செ.மீ முதல் 30 செ.மீ வரை வசதி. பெரிய சிற்பத்தை அப்படியே சுருக்கினால் விரல், அணிகலன் எல்லாம் மங்கிப்போகும். முழு உருவம் ஒன்று, முகமோ கையோ உண்மை அளவில் தனியாக ஒன்று என இரண்டாகச் செய்யுங்கள். பிரபாவளி, நீட்டிய விரல் ஆகியவை 3 மி.மீ-க்குக் குறையாத தடிமன் இல்லையென்றால் முதல் வகுப்பிலேயே முறியும். அச்சின் அடுக்கு 0.15 மி.மீ, பிறகு உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள். அடுக்குக் கோடு விரலில் பட்டால் பிள்ளைகள் அதையும் வேலைப்பாடு என்று எண்ணுவார்கள்.

3டி அச்சில் வழக்கமாகப் போடும் பிஎல்ஏ பிளாஸ்டிக் இழை 60 பாகை வெப்பத்திலேயே இளகும். வெயிலில் நிறுத்திய வேனில் விட்டால் வளைந்துவிடும், பெட்ஜி இழையில் அச்சிடுவது நல்லது. உள்ளே பொள்ளலாக விடாமல் மணல் நிரப்பி அடைத்தால் கல்லின் கனம் ஓரளவு கிடைக்கும், மேசையிலும் சாயாது. பிரெயில் குறிப்பைச் சிற்பத்திலேயே அச்சிட வேண்டாம், தேய்ந்துவிடும். தனிப் பலகையில் வைத்து, பலகையின் ஒரு மூலையை வெட்டிவிட்டால் எது மேல்பக்கம் என்று கைக்குத் தெரியும். முதல் பிரதியை முடிவு செய்யும் முன் உங்கள் மாணவர்களிடமே கொடுத்து, எங்கே விரல் தடுமாறுகிறது என்று கேட்டுத் திருத்துங்கள்.